தனிச் சமையல்

"அம்மா, இந்த அங்கிள் சண்டையில வெண்டவரோ, தோத்தவரோ?"

ஜெசிகா ஆறு வயதில் ஒருமுறை இப்படிக் கேட்டாள். கேட்ட இடம், கனடாவில், வோபர்னில் அவர்கள் போகும் மாதா கோயிலின் கீழ்மண்டபம். குளிர்காலத்தில் கிழமைக்கு ஒருநாள் அந்த மண்டபத்தைத் திறந்து, வீடில்லாதவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு கொடுத்து, இரவு படுக்கவும் விடுவார்கள். ஜெசிகாவின் தாய் பேர்ணடெற் அங்கே பாணுக்குப் பட்டர் பூசிக் கொடுக்கப் போவாள். பிள்ளையை விட்டுப் போக ஆளில்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டு போவாள். அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நவம்பர் மாதம். வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரரின் பழைய கோட்டில் இரண்டு பதக்கங்கள் தொங்கின. போர் நினைவு நாளுக்காகக் குத்திய சிவப்புப் பொப்பிப் பூ ஒன்றும் பக்கத்தில் இருந்தது.

"வெண்டவர்தான். சத்தம் போடாதை," என்றாள் பேர்ணடெற்.

"வெண்டவர் எண்டா ஏன் வீடில்லை? தோத்த ஆக்கள்தானே வீட்டை விட்டிட்டுப் போறவை?"

அந்த நாட்களில் அவர்கள் வீட்டு வானொலி ஓயாமல் யாழ்ப்பாணத்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நகரமே இரவோடிரவாக எழும்பி நடந்த செய்தி. பேர்ணடெற்றின் தங்கை குடும்பம் எந்த மரத்தின் கீழ் கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, வென்றவர்களுக்கு வீடு, தோற்றவர்களுக்குத் தெரு என்று தன்பாட்டில் முடிவு கட்டி வைத்திருந்தது.

பதக்கக்காரர் குனிந்து, பிள்ளை என்ன கேட்கிறாள் என்று விசாரித்தார். "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சூப் வேணுமோ எண்டு கேக்கிறாள்," என்று பேர்ணடெற் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சமாளித்தாள். அவர் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினார். அவருடைய பெயர் லோர்ன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

கேள்வி மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குசினியில் நின்றாலும் கேட்டது, செபமாலை சொல்லும்போதும் கேட்டது.

இரண்டு ஞாயிறு கழித்து, பூசை முடிவில் பாதிரியார் ஓர் அறிவித்தல் சொன்னார். முன்னாள் படைவீரர்களுக்கு வாடகை உதவி செய்யும் சிறிய நிலையம் ஒன்று நகரத்தில் இருக்கிறது. வாடகையில் ஒரு பங்கைக் குடிவருபவர் தனக்குக் கிடைக்கும் சொற்பப் பணத்தில் கட்டுவார், மிச்சத்தை நிலையம் மாதாமாதம் வீட்டுக்காரருக்கு நேரே அனுப்பும். ஆனால் வீடு கொடுக்கத்தான் ஆளில்லை. வேலைக் கடிதம் எங்கே, முன்பு இருந்த வீட்டுக்காரர் யார், முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து முன்பணம் எங்கே என்று கேட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நிலையத்தின் பட்டியலில் லோர்னும் இருந்தார்.

பேர்ணடெற்றின் வீட்டு பேஸ்மென்ற் அப்போது காலியாகக் கிடந்தது. அங்கே இருந்த குடும்பம் சொந்த வீடு வாங்கிப் போய்விட்டது. பேஸ்மென்ற் வாடகை வந்தால்தான் வீட்டுக் கடன் கட்டலாம். கணவன் சீமோன் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தான். ஓவர்ரைம் முன்போல் கிடைப்பதில்லை.

"நல்ல விஷயம்தான். ஆனா முன்னப் பின்னத் தெரியாத ஆள்," என்று சீமோன் இழுத்தான்.

"எங்களை மட்டும் இஞ்ச ஆருக்கு முன்னப் பின்னத் தெரிஞ்சது?" என்றாள் பேர்ணடெற். சீமோன் சம்மதித்தான்.

எதிர்த்துப் பேசியவள் சீமோனின் தமக்கை யூஜினிதான். மல்வேர்னில் இருந்து பஸ் பிடித்து வந்து கதிரையில் இருந்துகொண்டு பேசினாள்.

"ஆமிக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தனீங்கள். இப்ப ஆமிக்காரன் ஒருத்தனைத் தேடிப் பிடிச்சு வீட்டுக்க வைக்கப் போறியள். ஆரும் கேட்டாச் சிரிப்பினம்."

"அவர் எங்கட நாட்டு ஆமி இல்லை, மச்சாள். வயசு போன மனுசன்."

"வயசு போனா மூக்கு வேலை செய்யாதோ? நீ கருவாடு பொரிக்கிற அண்டைக்கு அவன் ஃபயர் பிரிகேட்டுக்கு ஃபோன் அடிக்காட்டி என்ர பேரை மாத்து."

லோர்ன் டிசம்பர் முதல் கிழமை வந்தார். கையில் ஒரே ஒரு பை. அறுபது தாண்டிய மனிதர். பத்தொன்பது வயதில் கொரியாவுக்குப் போய்ச் சண்டை பிடித்தவர். கனடாக்காரர் கொரியாவிலும் சண்டை பிடித்தார்களா என்று சீமோன் ஆச்சரியப்பட, "இங்கே பிறந்தவர்களுக்கே தெரியாது. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை," என்றார். பிறகு லொறி ஓட்டியிருக்கிறார். மனைவி இறந்துவிட்டாள். கொம்பனி மூடிவிட்டது. இருந்த அறைக் கட்டடத்தை யாரோ வாங்கி, எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். இவ்வளவையும் அவர் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் சொல்லி முடித்தார். அதன் பிறகு தன்னைப் பற்றிப் பேசியதே இல்லை.

முதல் நாட்களில் அவர் கட்டிலில் படுக்கவில்லை. போட்டிருந்த சப்பாத்தோடு சுவரோரம் தரையில் படுத்தார். சீமோன் கீழே உடுப்புத் தோய்க்கப் போனபோது அந்தப் பெரிய சப்பாத்துகளைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டான். அப்படிப்பட்ட சப்பாத்துகள் தன் வீட்டுக் கதவை உதைத்த ஒரு விடியற்காலை அவனுக்கு நினைவு வந்தது. பிறகு அவனே கடைக்குப் போய், வீட்டுக்குள் போடும் ஒரு சோடி கம்பளிச் செருப்பு வாங்கி வந்து கீழ்ப்படியில் வைத்தான். மறுநாள் சப்பாத்துகள் கதவருகில் நின்றன. அதற்கடுத்த கிழமை கட்டில் விரிப்பில் மடிப்பு விழுந்திருந்தது. பேர்ணடெற் அதைக் கண்டு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

கீழே ஒரு சிறிய அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன. லோர்ன் பீன்ஸ் ரின்னைத் திறந்து, சூடாக்காமலே கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவதை ஜெசிகா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அன்றிலிருந்து கீழே சாப்பாடு போகத் தொடங்கியது. ஒரே கூரையின் கீழ் இருக்கிற ஒருவர் தனியாக எதையோ தின்றுகொண்டிருக்க, மேலே சட்டி திறந்து பரிமாறுவது பேர்ணடெற்றால் முடியாத காரியம். அவள் வளர்ந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. கொஞ்ச நாளில் தட்டு கீழே போவது நின்று, லோர்ன் மேலே வந்தார். மேசையில் யன்னலோரக் கதிரை அவருடையதாகிவிட்டது.

முதல்முறை மீன்குழம்பைச் சாப்பிட்டபோது அவர் கண்ணில் நீர் வழிந்தது. "கொரியாவில்கூட என்னை யாரும் இப்படிச் சுடவில்லை," என்றார். சீமோன் விழுந்து விழுந்து சிரித்தான். அதன் பிறகு அவருக்கென்று தேங்காய்ப்பால் சொதியில் ஒரு மிளகாய் குறைந்தது. கருவாடு பொரித்த அன்று அவர் யாரையும் அழைக்கவில்லை. படியேறி வந்து, "இது என்ன மணம்?" என்று கேட்டு, ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டார். பேர்ணடெற் உடனே யூஜினிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மச்சாள், உங்களுக்கு என்ன பேர் வைப்பம்?"

சாப்பாட்டுக்குக் காசு வாங்க அவர்கள் சம்மதிக்காததால் லோர்ன் விடியமுன் எழும்பி வாசல் ஸ்னோவைத் தள்ளி வைத்தார். சீமோனுக்கு அது அவமானமாக இருந்தது. அடுத்த நாள் அவன் முந்தி எழும்பினான். அதற்கடுத்த நாள் லோர்ன் அவனை முந்தினார். "உங்கள் இரண்டு பேரையும் பாத்தா எங்கட வாசலில ஸ்னோவே விழப் பயப்பிடும்," என்றாள் பேர்ணடெற். அந்த மார்கழியும் தையும் அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஜனவரி கடைசியில் நிலையத்திலிருந்து டொரீன் என்ற பெண் வீடு பார்க்க வந்தாள். வாடகைக்கு இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று இடைக்கிடை வந்து பார்ப்பது அவளுடைய வேலை. பேர்ணடெற்றுக்கு அது ஒரு திருநாள் போல இருந்தது. காலையிலேயே எழும்பி றோல்ஸ் சுட்டாள், வடை சுட்டாள், மேசைக்குப் புதிய விரிப்புப் போட்டாள். லோர்ன் அண்ணையைத் தாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்று வெளியாள் ஒருவர் கண்ணால் காணப் போகிறார். அந்த மகிழ்ச்சியில் ஒரு துளி பெருமையும் கலந்திருந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை.

டொரீன் நல்ல பெண். கீழே போய் அறையைப் பார்த்து, லோர்ன் முகத்தில் சதை பிடித்திருப்பதைப் பார்த்து, உண்மையாகவே சந்தோசப்பட்டாள். பிறகு மேலே வந்தாள். லோர்ன் வழக்கம்போல் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய கை தானாகவே வடைத் தட்டுக்குப் போனது.

"இவர் இங்கேயா சாப்பிடுகிறார்?" என்று டொரீன் கேட்டாள்.

"யேஸ், யேஸ். ஹியர்," என்றாள் பேர்ணடெற்.

டொரீன் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினாள். பேர்ணடெற்றின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெல்லத் தலையை அசைத்து, "சம்ரைம்ஸ்?" என்று கேட்டாள்.

"சில நேரம்தான்," என்று லோர்ன் அவசரமாகச் சொன்னார்.

பேர்ணடெற்றுக்குச் சுருக்கென்றது. சில நேரமா? அப்படியென்றால் மற்ற நேரமெல்லாம் இந்த மனுசனைப் பட்டினி போடுகிறேனா? வீடு தேடி வந்தவளுக்கு முன்னால் என்ன கதை இது!

"நோ, நோ! எவ்ரி டே!" என்றாள். சுவரில் தொங்கிய திருஇருதயப் படத்தைச் சாட்சிக்குக் காட்டினாள். "மோணிங், நைற், எவ்ரி டே. நோ மணி. ஹி இஸ் அவர் மேன்!"

லோர்ன் வடையைத் தட்டில் வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொரீன் பெருமூச்சு விட்டு ஏதோ எழுதினாள். போகும்போது பேர்ணடெற்றின் கையை வழக்கத்துக்கு அதிகமான நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. சீமோன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு டொரீனுக்குத் தொலைபேசி எடுத்தான். பேசி முடித்து வந்து கதிரையில் இருந்தான்.

"வாடகை உதவியை நிப்பாட்டிப் போட்டினம்."

"ஏனப்பா? நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"அந்தக் காசு தனியச் சமைச்சுத் தனிய வாழுற ஆளுக்குத்தானாம். சாப்பாடும் சேத்துக் குடுக்கிற வீட்டில இருந்தா அவர் வேற கணக்காம். அந்தக் கணக்குக்கு இருந்த காசைப் போன வருசத்தோட அரசாங்கம் வெட்டிப் போட்டுது."

"சாப்பாட்டுக்கு நாங்கள் ஒரு சதம் வாங்கேல்லையே! அதைச் சொன்னீங்களோ?"

"வாங்கினாலும் வாங்காட்டியும் ஒண்டுதான். நீர் எவ்ரி டே எண்டு சொன்னனீராம். சில நேரம் எண்டு சொல்லியிருந்தா அவ அப்பிடியே எழுதியிருப்பா. உமக்கு விளங்கட்டும் எண்டுதான் தலையை ஆட்டிக் கேட்டவவாம்."

பேர்ணடெற் அடுப்பை அணைத்தாள். டொரீன் தலையை அசைத்தது, லோர்ன் அவசரமாகக் குறுக்கிட்டது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரண்டு பேரும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவள்தான் இழுத்துச் சாத்தியிருக்கிறாள்.

"பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"இல்லையப்பா. அவ்வளவு பெரிசாச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

ஒரு வழி மட்டும் இருந்தது. லோர்ன் சில கிழமை தானே வாங்கித் தானே சமைத்துச் சாப்பிட்டால், உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு மறுபடி வந்து பார்த்துப் புதிய அறிக்கை எழுதுவதாக டொரீன் சொல்லியிருந்தாள். அதுவரை அவர் கட்டக்கூடியதைக் கட்டட்டும், மிச்சத்தை எப்படியாவது சமாளிப்போம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

அன்று மாலை அதைச் சொல்ல பேர்ணடெற் படியிறங்கினாள். அவள் வாயைத் திறக்கமுன் லோர்ன் எழும்பி, கழுவித் துடைத்த இரண்டு தட்டுகளை நீட்டினார். எப்போதோ கீழே வந்து தங்கிவிட்ட தட்டுகள்.

"இவை இங்கே இருந்தால் அந்தப் பெண் கண்டுவிடுவாள்," என்றார். "உங்களுக்குத்தான் சங்கடம்."

அவரிடமும் கடிதத்தின் பிரதி ஒன்று இருந்தது. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்கியது. பேர்ணடெற் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தவக்காலம் இருந்திருக்கிறாள். இறைச்சியை விட்டிருக்கிறாள், தேநீருக்குச் சீனியை விட்டிருக்கிறாள். ஒரு மனுசனுக்குச் சோறு கொடுப்பதை விட்ட தவக்காலம் இதுதான். குழம்பு கொதிக்கும்போது புகை இழுக்கும் விசிறியைப் போட்டாள், யன்னலைத் திறந்தாள். மணம் எப்படியும் படியிறங்கிப் போனது. கீழே ரின் வெட்டும் சத்தம் மேலே வந்தது. ஒருநாள் உருளைக்கிழங்கு அடிப்பிடித்த மணம் வந்தது. சீமோன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான்.

"தொண்டைக்குள்ளால இறங்குதில்லையப்பா."

"சாப்பிடுங்கோ. நாங்கள் சாப்பிடாம விட்டாலும் அவருக்குப் போகாது."

யன்னலோரக் கதிரையில் ஜெசிகா தன் பாடசாலைப் பையை வைத்தாள். பேர்ணடெற் அதை எடுத்து வேறிடத்தில் வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்தபோது, லோர்ன் வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டு நின்றார். கோட்டு அவர் மேல் தொளதொளத்தது. அவள் "குட் ஈவினிங்" என்றாள். அவரும் "குட் ஈவினிங்" என்றார். இரண்டு பேரும் முன்பு இப்படி மரியாதையாகப் பேசிக்கொண்டதில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை டொரீன் வந்தாள். கீழே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். முட்டை, பால், ரின்கள், பாதி வெட்டிய முட்டைக்கோவா. பிறகு லோர்னோடு மேலே வந்து கதிரையில் இருந்துகொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, நல்ல அறிக்கை எழுதுகிறேன் என்றாள். பேர்ணடெற் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கினாள். ஆனால் டொரீன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நான் முதலே சொல்லியிருக்க வேண்டும்," என்று அவள் சீமோனைப் பார்த்துச் சொன்னாள். "இவருடைய இடத்தைப் பட்டியலில் அடுத்து நின்றவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவரும் படைவீரர்தான். காலொன்று இல்லாதவர். இந்த வருடம் புதிய இடங்கள் எதுவும் திறக்கப் போவதில்லையாம். பணம் இல்லை."

"அப்ப அறிக்கை?" என்று சீமோன் கேட்டான்.

"பட்டியலில் இவர் பெயர் மறுபடி கடைசியில் இருக்கும்."

அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. பேர்ணடெற் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். யாரைக் கோபிப்பது? காலில்லாத மனிதனையா? அழுதுகொண்டிருக்கும் இந்தப் பெண்ணையா? நல்ல மனம் படைத்தவர்கள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தும் ஒரு மனிதனை ஓர் அறையில் வைத்திருக்க முடியாமல் போகும் என்பதை பேர்ணடெற் அன்றுதான் கண்டாள்.

"உங்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தந்துவிட்டு இருங்கள்," என்று சீமோன் லோர்னிடம் சொன்னான். அவர் நன்றி சொல்லித் தலையாட்டினார். சீமோன் சொன்னது மனதாரச் சொன்னதுதான். ஆனால் சித்திரை முடிந்து வைகாசியில் வீட்டுக் கடன் தவணை பிந்தியது. வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த நேரம் பார்த்து யூஜினியும் வந்தாள். இந்த முறை அவள் நையாண்டி பண்ணவில்லை.

"யாழ்ப்பாணத்தில இருந்து வன்னிக்கு ஓடி, வவுனியா கொழும்பு எண்டு அலைஞ்சு, ஒரு குடும்பம் வந்து நிக்குது. கைக்குழந்தையோட. என்ர சின்ன அறையில ஏழு பேர் படுக்கிறம். அதுகள் முழு வாடகையும் தரும். நான் உன்னைக் குறை சொல்லேல்லை, பேர்ணா. அதுகளும் பாவங்கள்தானே."

"அவரை எங்க போகச் சொல்லுறது, மச்சாள்?"

"எனக்கென்னண்டு தெரியும்?"

சீமோன் எழும்பிப் போய் யன்னலருகில் நின்றான். பேர்ணடெற் அழுதாள். தமிழில்தான் பேசினார்கள், மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் அழுகைக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? கீழே மனிதர் இருந்தார். கூரை மெல்லியது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது பேஸ்மென்ற் கதவு திறந்திருந்தது. கட்டில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துச் சொருகப்பட்டிருந்தது. அடுப்பு துடைக்கப்பட்டிருந்தது. கம்பளிச் செருப்புகள் படியருகே சோடியாக நின்றன. மேசையில், கதவு பூட்ட அவருக்குக் கொடுத்திருந்த வீட்டுத் திறப்பு கிடந்தது.

சீமோன் காரை எடுத்துக்கொண்டு தேடப் போனான். மண்டபம் குளிர்காலத்தோடு மூடியாயிற்று. டோனட் கடைகளில் அப்படி ஒருவரைக் காணவில்லை. பஸ் நிலையத்தில் பதக்கம் குத்தாத வேறு கிழவர்கள் இருந்தார்கள். மறுநாள் சீமோன் தொலைபேசி எடுத்தபோது டொரீன், அவர் உயிரோடு இருக்கிறார், நகரத்தில் ஒரு தங்குமடத்தில் படுக்கிறார், எது என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை என்றாள். எங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னாரா என்று பேர்ணடெற் கேட்கச் சொன்னாள். கோபமில்லை என்று சொல்லச் சொன்னாராம்.

யூஜினி சொன்ன குடும்பம் வந்தது. நல்ல சனங்கள். கைக்குழந்தை இரவில் அழுதது. பேர்ணடெற் அவர்களுக்கும் சாப்பாடு அனுப்பினாள். அதை எந்த அலுவலகமும் வந்து கேட்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் அவள் இதைச் சொன்னபோது, பசித்தவனுக்குச் சோறு கொடுத்தது பாவமாகுமா மகளே என்றார் பாதிரியார்.

"குடுத்தது பாவமில்லை, ஃபாதர். குடுத்ததைச் சொன்னதுதான்."

பாதிரியார் சிறிய அபராதமாக மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். மனதில் இருந்த கடன் அப்படியே இருந்தது. ஒரு மனிதனுக்கு அவள் ஓர் அறை கடன்பட்டிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க அவளிடம் அறையில்லை, ஆளின் விலாசமும் இல்லை.

கோடை போய், மேப்பிள் இலைகள் கொட்டி, மறுபடி குளிர் தொடங்கிய ஒரு காலை. சீமோன் வேலைக்குப் போய்விட்டான், ஜெசிகா பாடசாலையில் இருந்தாள். கீழ்வீட்டார் குழந்தையை டொக்டரிடம் கொண்டு போயிருந்தார்கள். பேர்ணடெற் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

வயதான ஒரு பெண்ணின் குரல். அவளுடைய ஆங்கிலமும் பேர்ணடெற்றின் ஆங்கிலத்தைப்போல வேறேதோ மொழியின் மேல் நின்று தள்ளாடியது. தன் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, லோர்ன் என்ற மனிதர் கேட்டு வந்திருக்கிறார், முன்பு இருந்த வீட்டுக்காரர் என்று இந்த இலக்கத்தைத் தந்தார் என்றாள்.

பேர்ணடெற் கத்தியைக் கீழே வைத்தாள்.

"குடிப்பாரா?"

"நோ."

"வாடகை?"

"கட்டினார். தவறாமல் கட்டினார்."

"எனக்கு முழங்கால் வருத்தம்," என்றாள் அந்தப் பெண். "நான் யாருக்கும் சமைத்துப் போடவோ பார்த்துக்கொள்ளவோ மாட்டேன். தங்குமடத்துக்காரர் ஏதோ உதவிப்பணம் தருகிறார்களாம். தனியாக இருக்கக்கூடிய ஆளாக இருந்தால்தான் தருவார்களாம். இவர் தன் பாட்டைத் தானே பார்ப்பாரா?"

பேர்ணடெற்றின் நாக்கு நுனிவரை எல்லாம் வந்துவிட்டது. உறைப்புக் குறைவாகப் போட்டால் மீன் நன்றாகச் சாப்பிடுவார். விட்டால் ரின்னைச் சூடாக்காமலே தின்பார். பெருங்குளிர் நாளில் ஒரு கிண்ணம் சூப்பாவது கொடு அம்மா, உனக்குப் புண்ணியம் கிடைக்கும். எங்கள் மேசையில் அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது.

அவள் ஒன்றையும் சொல்லவில்லை. தவக்காலம் முழுவதும் கீழேயிருந்து வந்த ரின் வெட்டும் சத்தத்தை நினைத்துக்கொண்டாள். அதில் பொய்யில்லை.

"தானே சமைப்பார்," என்றாள். "தானே வாங்குவார். மிகவும் துப்புரவு. ஒரு தொந்தரவும் இல்லை. வாடகைக்கு வைக்க நல்ல ரெனன்ற்."

"உங்களுக்கு ஏதாவது பாக்கி வைத்துவிட்டுப் போனாரா?"

"இல்லை," என்றாள் பேர்ணடெற். "அவர் ஒருவருக்கும் ஒன்றும் பாக்கியில்லை."

அந்தப் பெண் நன்றி சொன்னாள். வீடு எந்தப் பக்கம் என்று பேர்ணடெற் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சொல்லியிருப்பாள். தெரிந்துவிட்டால் என்றாவது ஒருநாள் தன் கால்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அந்தத் தெருவில் போய் நிற்கும் என்று பேர்ணடெற்றுக்குத் தெரியும். அதனால் கேட்காமலே தொலைபேசியை வைத்தாள்.

அவருக்கு அறை கிடைத்ததா இல்லையா என்று அதன் பிறகும் அவளுக்குத் தெரியவரவில்லை. மாலையில் சீமோன் வந்து சாப்பிட்டான், அவள் சொல்லவில்லை. இரவுச் செபத்திலும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது தெரியும் என்று விட்டுவிட்டாள்.